சேர்வராயன் மலையில் சட்டமில்லாத் தேனீப் பெட்டிகள்

சேலம் ஜில்லாவைச் சேர்ந்த சேர்வராயன் மலைத்தொடர் கடல் மட்டத்திற்கு மேல் 5,326 அடி வரையில் உயர்ந்து நிற்கின்றது. இதன்கண் அமைந்த ஏற்காட்டைச் சுற்றிலும் காப்பித் தோட்டங்கள் பரவியிருப்பதை யாவரும் அறிவர். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-ஐ அடுத்த ஆண்டுகளில் இங்கே காப்பிச் செடியைக் கொணர்ந்து பயிராக்கினார். அது முதல் இம்மலையின் செல்வம் பெரும்பாலும் காப்பியையே பற்றி நிற்கின்றது. பங்குனி, சித்திரை மாதங்களில் ஒரு நல்ல மழை விழுந்த எட்டாம் நாள் அல்லது பத்தாம் நாளில் தோட்டம் முழுவதும் வெண்மை போர்த்தாற்போல் பூத்துவிடும். அப்பூ இரண்டு மூன்று நாளைக்கு மேல் நிற்பதில்லை. அச்சிறிய காலத்திற்குள் வந்து உதவக்கூடிய தேனீக்கள் தோட்டத்திற்கு அருகிலேயே குடியிருக்கின்றனவா என்பதே தோட்டக்காரர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அராபிகா இனக் காப்பி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் இயல்புடையது. ஆதலால் தேனீயால் அதற்கு ஆகவேண்டுவது ஒன்றுமில்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இக்கருத்து முழுதும் சரியன்று. 2002-ஆம் ஆண்டில் டேவிட் ரௌபிக் என்னும் ஆராய்ச்சியாளர் பனாமா நாட்டில் தாம் கண்டதை வெளியிட்டார். தேனீக்கள் வந்து சென்ற அராபிகாச் செடிகளில் விளைச்சல் 50 சதவீதத்திற்கும் மேற்பட்டு உயர்ந்தது என்பது அவர் முடிவு. அதற்கு அடுத்த ஆண்டில் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சியும் இதையே வலியுறுத்துகின்றது. அங்கே மூன்று வகை ஈக்களே வரும் தோட்டங்களில் நூற்றுக்கு 60 பூக்கள் காயாயின. இருபது வகை வரும் தோட்டங்களில் 90 காயாயின. ரொபஸ்டாக் காப்பிக்கோ அயல் மகரந்தம் இன்றியமையாதது. ஆகவே, தேனீ வளர்ப்பதைத் தேனுக்காக மட்டும் செய்யும் உபதொழிலாக எண்ணுவது குறைபட்ட கணக்கு.

காப்பி ஒன்றே இங்குள்ள பூவன்று. நிழலுக்காகவும் மிளகுக் கொடி ஏற்றவும் நட்ட சில்வர் ஓக் மரங்கள் கோடையில் பொன்னிறமாகப் பூத்துத் தேன் சொரியும். நாவல், கடுக்காய், தைலமரம், கமலா ஆரஞ்சு, கலியாண முருங்கை, வேலியோரத்து உண்ணிச்செடி, மரங்களில் ஒட்டி வாழும் புல்லுருவி ஆகியவையும் ஒன்றன்பின் ஒன்றாய் உதவுகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் இம்மலையில் உண்டு. இவ்வளவு இருந்தும், ஊருக்கு ஊர் சென்று பார்த்தால் தேனீப் பெட்டி வைத்திருப்போர் சிலரே.

பழைய வழக்கமும் அதன் கேடும்

இம்மலையில் வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடியினருக்குத் தேன் எடுப்பது புதிதன்று. பாறையின் கீழும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீயை வேறாகவும், மரப்பொந்து, பாறையிடுக்கு, கறையான் புற்று, பழஞ்சுவர் ஆகியவற்றில் பல அடைகளை அடுக்கி வாழும் அடுக்குத் தேனீயை வேறாகவும் அவர்கள் நன்கறிவர். பெட்டியில் வாழ இசைவது இரண்டாவதாகிய அடுக்குத் தேனீயே. கொம்புத் தேனீயும் மலைத்தேனீயும் வெளிச்சத்தில் ஒற்றை அடை கட்டும் இயல்பின. அவற்றைப் பெட்டியிலிட முயல்வது வீண்.

பொந்திலிருந்து தேன் எடுப்போர் தீப்பந்தம் காட்டி ஈக்களைத் துரத்தி, கைக்கெட்டிய அடைகளையெல்லாம் அறுத்து, புழுவும் மகரந்தமும் தேனும் ஒன்றாகக் கலந்திருக்கப் பிழிந்து விடுவதுண்டு. அவ்வாறு பிழிந்த தேன் கலங்கியிருக்கும்; சில வாரங்களில் நுரைத்துப் புளிக்கும்; வியாபாரியிடம் பாதி விலையும் பெறாது. ஈக்குடியோ அன்றோடு அழிந்தது. ஒரு முறை கிடைக்கும் ஒரு படித் தேனுக்காக, ஆண்டுதோறும் தேனும் தோட்டத்திற்குக் காயும் தரவல்ல குடியை மாய்த்துவிடுவது பசுவை அறுத்துப் பால் கறப்பதையொக்கும்.

சட்டப் பெட்டி வந்த வரலாறு

அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் பாதிரியார் 1851-ஆம் ஆண்டில், அடைகளுக்கிடையே ஈக்கள் தாமாகவே விட்டுவைக்கும் சந்தின் அளவைக் கண்டு, கழற்றி மாட்டக்கூடிய மரச்சட்டங்களைக் கொண்ட பெட்டியைச் செய்தார். அப்பெட்டி ஐரோப்பியத் தேனீக்கு உரியது. நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு மிகப் பெரியது. இக்குறையைத் தீர்த்தவர் திருச்சிராப்பள்ளியில் இருந்த சேசு சபையைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார். அவர் 1911-ஆம் ஆண்டை ஒட்டி, நம் ஈயின் உடலளவுக்கும் குடியின் பெருக்கத்திற்கும் ஏற்றதாக ஒரு சிறு பெட்டியை அமைத்துப் பலருக்கும் பழக்கினார். இன்றும் தென்னாட்டில் வழங்குவது பெரும்பாலும் அவர் பெயரால் வழங்கும் பெட்டியே. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனருத்தாரண நிலையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் 1920-களில் இத்தொழிலைப் பரப்ப, அவ்வட்டாரத்தில் அது வேரூன்றியது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

சட்டப் பெட்டியின் சிறப்பை மறுப்பதற்கில்லை. சட்டத்தோடு அடையை எடுத்து, சுழலும் எந்திரத்திலிட்டுத் தேனை மட்டும் பிரித்து, வெற்றடையை மீண்டும் ஈக்களிடமே கொடுத்துவிடலாம். ஒரு ராத்தல் மெழுகு செய்ய ஈக்கள் பல ராத்தல் தேனை உண்ண வேண்டியிருப்பதால், அடை மிச்சமானால் தேனும் மிச்சமாகும். நல்ல பருவத்தில், கவனமாகப் பேணிய பெட்டியொன்று ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ வரை தேன் தருகின்றது.

எனினும், சட்டப் பெட்டிக்குக் கைதேர்ந்த தச்சர் வேண்டும். சட்டத்திற்கும் சுவருக்கும் இடையேயுள்ள சந்து நூலளவு மிகுந்தாலும் அங்கே அடை கட்டிவிடும். குறைந்தாலோ சட்டம் ஒட்டிக்கொள்ளும். தேன் எடுக்கும் எந்திரம், புகையூட்டி, மேலறை, கீழறை என்று செலவும் ஏறிக்கொண்டே போகும். பத்துப் பெட்டி வைப்பவருக்கு இச்செலவு கட்டும்; இரண்டு பெட்டி வைக்க விரும்பும் மலைக் குடியானவருக்குக் கட்டாது. இலவசமாகவோ மானியத்திலோ பெற்ற சட்டப் பெட்டி, முதல் குடி ஓடிப்போனபின் திண்ணையில் கோழி அடைகாக்கப் பயன்படுவதைக் கண்ட அதிகாரிகள் பலர் இருப்பர். அது பெட்டியின் குற்றமன்று. பெட்டிக்கும் அதை வைத்திருப்பவரின் வசதிக்கும் உள்ள பொருத்தமின்மையே.

1991-ஆம் ஆண்டில் நேர்ந்தது

இதனினும் பெரியதொரு காரணம் உண்டு. தாய்லாந்தில் 1976-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட சாக் புரூட் என்னும் வைரஸ் நோய், இரண்டாண்டில் இந்தியாவின் வடகிழக்கில் தோன்றி, 1991-92-ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் பரவிற்று. மூடும் பருவத்தை அடைந்த புழு, நீர் நிறைந்த பைபோலாகி அறையிலேயே மாண்டு கிடக்கும். இந்நோயால் தென்னிந்தியாவில் பெட்டிகளில் இருந்த அடுக்குத் தேனீக் குடிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை அழிந்தன. தேனையே நம்பியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே ஆண்டில் வெறும் பெட்டிகளோடு நின்றன. இதற்கு மருந்து அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. பின்னர் குடிகள் மீண்டு பெருகியது நோயைத் தாங்கி நின்ற ஈக்களின் வழியிலேதான். அவற்றுள் காட்டுப் பொந்துகளில் தப்பியவையும் உண்டு.

குடிகளை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவதும், ஒரு பெட்டியின் புழு அடையை மற்றொன்றில் மாட்டுவதும், எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய குடியை மலைமேல் ஏற்றுவதும் இந்நோய்க்கு வழி திறப்பனவாம். அந்தந்த மலையில் வாழும் குடியை அந்தந்த மலையிலேயே பிடித்து, அதன் போக்கில் அடை கட்டவிட்டு, வேண்டும்போது மட்டும் திறந்து பார்ப்பதே தற்காப்பு. சட்டமில்லாப் பெட்டி இம்முறைக்கு இயல்பாகவே இசைந்து வருகின்றது.

ஐரோப்பியத் தேனீயை அலைக்கழிக்கும் வரோவா என்னும் உண்ணியைப் பற்றி நம் மலைக் குடியானவர் அஞ்ச வேண்டுவதில்லை. அவ்வுண்ணி தொன்றுதொட்டு அடுக்குத் தேனீயோடு வாழ்ந்து வந்ததே. ஆண் புழுக்களின் அறையில் மட்டுமே அது இங்கே பெருகும். ஈக்கள் தம்முள் ஒன்றையொன்று துடைத்து அதை நீக்கிக்கொள்ளவும் கற்றுள்ளன. பெட்டிக்குள் மருந்து வைக்கத் தூண்டும் வியாபாரிகளுக்கு இங்கே இடமில்லை.

பெட்டியின் அமைப்பு

சட்டமில்லாப் பெட்டி என்பது நான்கு புறமும் மரம் சூழ்ந்த சட்டத்தை நீக்கி, மேலே ஒரு குறுக்குக் கட்டையை மட்டும் வைத்து, அதிலிருந்து ஈக்கள் தாமே அடையைத் தொங்கவிடுமாறு செய்வது. இது முற்றிலும் புதிய கருத்தன்று. கிரேக்க நாட்டில் கூடையின் வாயில் கட்டைகளை அடுக்கித் தேனீ வளர்த்ததை ஜார்ஜ் வீலர் என்னும் ஆங்கிலேயர் 1682-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். 1970-களில் கென்யா நாட்டில் ஏழைக் குடியானவர்களுக்கென்று இவ்வகைப் பெட்டி திருத்தி அமைக்கப்பட்டது. பிரான்சில் எமில் வாரே என்னும் பாதிரியார் (1867-1951) சிறு பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி 'மக்கள் பெட்டி' என்று பெயரிட்டார். அதுவும் மலிவானதே; ஆயினும் அதில் அடைகள் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் புழு அடையை எடுத்துச் சோதிப்பது கடினம். சாக் புரூட் நோய் கண்ட நாட்டில் சோதிக்க இயலாத பெட்டி தக்கதன்று. ஆகவே கென்யாப் பெட்டியை நம் ஈக்கேற்பச் சிறிதாக்கிக் கொள்வதே நலம்.

அளவு பின்வருமாறு அமையலாம். உட்புற நீளம் 17½ அங்குலம். மேல்வாய் 12 அங்குலம். அடி 5 அங்குலம். ஆழம் 7 அங்குலம். பக்கப் பலகைகள் சுமார் 8 அங்குல அகலமுடையனவாய் வெளிநோக்கிச் சாய்ந்து நிற்கும். இச்சாய்வு அழகுக்காக அன்று. செங்குத்தான சுவரில் ஈக்கள் அடையை ஒட்டிவிடும். அடிப்பலகையோடு ஏறத்தாழ 120 பாகைக் கோணத்தில் சாய்ந்த சுவரில் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. முன்புறத்தில் அடியை ஒட்டி 3 அங்குல நீளமும் ⅜ அங்குல உயரமுமுள்ள ஒரு வாயில் போதும். அதனினும் உயரமானால் பெருங்குளவி உள்ளே புகும்.

மற்றவை முன்பின் இருந்தாலும் பாதகமில்லை. மேற்கட்டையின் அகலம் மட்டும் பிசகலாகாது. ஓர் அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடு வரையுள்ள தூரமே அதன் அகலமாக இருத்தல் வேண்டும். நம் அடுக்குத் தேனீக்கு இது 1⅛ அங்குலத்திற்கும் 1¼ அங்குலத்திற்கும் இடைப்பட்டது. சமவெளி ஈயினும் மலை ஈ சற்றுப் பெரியதாகையால் உயரம் ஏற ஏற இவ்வளவு மிகும். தம் ஊரில் பொந்தொன்றைத் திறக்க நேரும்போது, ஐந்தாறு அடைகளை நடுவுக்கு நடு அளந்து சராசரி காண்பதே பிழையற்ற வழி. அவ்வளவில் 14 அங்குல நீளமுள்ள 14 அல்லது 15 கட்டைகளைச் சீவி, நெருக்கமாக அடுக்கினால் பெட்டியின் வாய் மூடிவிடும். எஞ்சும் சந்தை ஒரு மெல்லிய கீற்றுப் பலகையால் அடைக்கலாம். ஒவ்வொரு கட்டையின் கீழ்ப்புறத்தையும் கூரை முகடு தலைகீழானாற்போல் இருபுறமும் சரிவாகச் சீவி, அம்முகட்டில் உருக்கிய தேன்மெழுகைத் தடவிவிட வேண்டும். ஈக்கள் அம்முகட்டைப் பற்றியே நேராக அடை கட்டும். கட்டை அகன்றிருந்தால் இரண்டு கட்டைகளைக் குறுக்கே இணைத்துக் கட்டிவிடும். பிறகு எதையும் எடுக்க இயலாது.

அடுக்குத் தேனீ மரப்பிசினைச் சேர்த்து ஒட்டும் வழக்கமில்லாதது. ஆதலால் கட்டைகள் பசையிட்டாற்போல் இறுகுவதில்லை. சாதாரணக் கத்தியால் நெம்பினால் எழும்பும்.

மரத்திற்கு வெளியே போக வேண்டுவதில்லை. தோட்டத்தில் கிடைக்கும் சில்வர் ஓக் பலகையே போதும். நன்றாக உலர்ந்திருத்தல் வேண்டும். உட்புறத்தில் வர்ணமோ தாரோ பூசலாகாது. பலகைக்கும் வழியில்லாதோர், இதே வடிவத்தில் மூங்கிற் கூடை முடைந்து, சாணமும் களிமண்ணும் கலந்து உள்ளும் புறமும் மெழுகி உலர்த்திக்கொள்ளலாம். மேலே வைக்கோல் பரப்பித் தகரம் கவிழ்த்தால் மழையும் வெயிலும் தாக்கா. கால்கள் இரண்டரை அடி உயரமாய், ஒவ்வொன்றும் நீர் நிரம்பிய கிண்ணத்தில் நிற்க வேண்டும். எறும்பு ஏறிய பெட்டியில் ஈ தங்காது. ஏற்காட்டு மூடுபனியை நினைவில் வைத்து, காலை வெயில் விழும் கிழக்குச் சரிவில், காற்று மோதாத இடமாகப் பார்த்து நிறுத்துக.

குடியேற்றுதல்

மலையில் ஈக்குடிகள் பிரிவது பெரும்பாலும் தை முதல் பங்குனி வரையில். அக்காலத்திற்கு முன்பே, மெழுகு தேய்த்த வெறும் பெட்டியைப் பாறையோரத்திலோ பெருமரத்தின் கவட்டிலோ ஆள் உயரத்திற்கு மேலாக வைத்துவிட்டால், இடம் தேடும் கூட்டம் தானே வந்து புகுவதுண்டு. பழைய அடையின் ஒரு துண்டு உள்ளே இருப்பின் வாய்ப்பு மிகும். எனினும் நோயுற்று மாண்ட குடியின் அடையை எக்காரணத்தாலும் இடலாகாது.

வீட்டுச் சுவரிலோ பள்ளிக்கூடத்துக் கூரையிலோ உள்ள குடியை மாற்ற வேண்டின், மாலைப் பொழுதில் மெல்லப் புகை காட்டி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, தேன் நிறைந்த மேற்பகுதியை நீக்கி, புழு அடையை மேற்கட்டையோடு வாழை நாரால் கட்டித் தொங்கவிட வேண்டும். இரண்டொரு நாளில் ஈக்கள் அதை மெழுகால் ஒட்டி, நாரைக் கடித்து வெளியே தள்ளிவிடும். ராணித் தேனீ உள்ளே சென்றதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ராணி புகுந்தால் மற்றவை தாமே பின்தொடரும். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் பொதுக் கட்டடங்களில் ஈக்குடி கண்டால் நெருப்பு வைக்க ஆளனுப்பாமல், பெட்டி வைத்திருக்கும் ஒருவரை அழைப்பது ஊருக்கு நன்மை. காட்டில் தேனெடுக்கும் பழங்குடியினரின் உரிமையைப் பற்றியும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேனையும் மெழுகையும் சிறு வன விளைபொருள்களில் சேர்த்துள்ளது.

கையாளும் முறை

சட்டமில்லா அடை மென்மையானது. கட்டையை நேராக மேலே தூக்கி, நேராகவே கீழே இறக்க வேண்டும். பக்கவாட்டில் புரட்டினால், புது அடை முறிந்து மடியில் விழும். நண்பகல் வெயிலில் திறப்பதும் கூடாது. மாதம் ஒருமுறை பார்ப்பது போதும். அடுக்குத் தேனீ அடிக்கடி தொந்தரவு செய்தால் பெட்டியை விட்டு ஓடிவிடும் இயல்பினது. பழகாதோர் இழக்கும் குடிகளில் பல ஆவல் மிகுதியால் இழந்தவையே. பார்க்கும்போது அடியில் விழுந்த தூளைக் கூட்டி அகற்றி, மெழுகுப் பூச்சியின் வலை பின்னிய பழங்கறுப்பு அடை இருப்பின் அதையும் வெட்டி எறிந்துவிட வேண்டும்.

காப்பியும் சில்வர் ஓக்கும் பூத்து முடிந்தபின், வைகாசி வாக்கில் தேன் எடுக்கலாம். ஓரத்து அடைகளில் தேன் அறைகள் மெழுகால் மூடப்பட்டிருக்கும். முக்கால் பங்குக்கு மேல் மூடப்பட்ட அடையே முதிர்ந்தது. மூடாத தேனில் நீர் மிகுந்திருக்கும். உணவுச் சட்ட விதிப்படி தேனில் நீர் 20 சதவீதத்திற்கு மேற்படலாகாது. மலைக்காற்றின் ஈரத்தால் இவ்வரம்பு இங்கே எளிதில் மீறிவிடும். மழைநாளில் எடுத்த தேன் அநேகமாகப் புளிக்கும். முதிர்ந்த அடையை மேற்கட்டையில் விரல் அகலம் விட்டுவிட்டு அறுத்து, நசுக்கி, மெல்லிய மல் துணியில் இட்டுத் தானே வடியவிட வேண்டும். கையால் பிழிவதும் அடுப்பில் காய்ச்சுவதும் வேண்டா. கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரமே தக்கது. ஓராண்டு நிறையாத குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அது பச்சிளங்குழந்தைக்குக் கொடிய நோயை உண்டாக்கக்கூடுமாதலால் மருத்துவர் அதை விலக்குகின்றனர்.

எவ்வளவு எடுப்பது என்பதில்தான் பொறுமை வேண்டும். தேன் அடைகளில் இரண்டுக்கு ஒன்றை ஈக்களுக்கு விட்டு வைத்தல் நலம். புழு அடையின் மேல்விளிம்பில் வளைவாக உள்ள தேனைத் தொடவே கூடாது. ஆனி முதல் கார்த்திகை வரை இரண்டு பருவ மழையும் மாறி மாறிப் பெய்யும் இம்மலையில் ஈக்கள் பல நாள் வெளியே செல்ல இயலாமல் இருக்கும். அப்போது உண்ண ஏதுமின்றேல் குடி ஓடிப்போகும். சர்க்கரைப் பாகு ஊட்டுவது ஆபத்துக்கு உதவுமேயன்றி விட்டுவைத்த தேனுக்கு ஈடாகாது.

இம்முறையில் கிடைக்கும் தேன் சட்டப் பெட்டியில் கிடைப்பதிலும் குறைவு. ஒவ்வோர் ஆண்டும் புது அடை கட்ட ஈக்கள் தேனைச் செலவிடுகின்றன. இதை மறைத்துப் பேசுவோர் சொல்லை நம்பலாகாது. ஆயினும் அறுத்த அடையிலிருந்து நல்ல மெழுகு கிடைக்கின்றது. செலவு பலகையோடும் ஆணியோடும் முடிந்துவிடுவதால், ஒரு குடி ஓடிப்போனாலும் கடன் எஞ்சுவதில்லை. இருபது முப்பது பெட்டி வைத்துத் தேன் வியாபாரம் செய்ய விரும்புவோர் நியூட்டன் பெட்டியையே மேற்கொள்க. நீலகிரியில் கோத்தகிரியிலுள்ள கீஸ்டோன் நிறுவனம் 1993 முதல் தேன் எடுக்கும் பழங்குடியினரிடையே பணியாற்றி வருகின்றது. சுத்தமாக எடுத்த மலைத்தேனுக்குத் தனி விலை உண்டென்பதற்கு அங்குள்ள வியாபாரமே சான்று.

தோட்டக்காரர் கவனிக்க வேண்டியது பூச்சி மருந்தைப் பற்றியது. காப்பி பூத்திருக்கும் நாள்களில் எந்த மருந்தும் தெளிக்கலாகாது. பிற நாள்களில் தவிர்க்க முடியாதபோது, ஈக்கள் கூடடைந்த பின் மாலையில் தெளிப்பதும், முதல் நாளே அண்டை அயலில் பெட்டி வைத்திருப்போருக்குச் சொல்லி அனுப்புவதும் வேண்டும். அவர்கள் அன்றிரவே வாயிலை வலைத்துணியால் மூடி, மறுநாள் பொழுது சாயும் வரை நிழலும் காற்றும் கிடைக்கும்படி வைத்திருந்து, பின் திறந்துவிடுவர்.

வெறும் பெட்டிகளை மார்கழிக்குள் செய்து முடித்து, தைப்பொங்கலுக்கு முன் மெழுகு தேய்த்து மரத்தில் ஏற்றிவிட்டால், அவ்வாண்டின் காப்பிப் பூவிற்கே குடி ஆயத்தமாகும்.